வகுப்பில் மெதுவாகக் கற்கும் பிள்ளைகள்: மலைப்பள்ளிகளில் என்ன செய்கிறோம்?

தேயிலைமேடு (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு, இரண்டும் ஒரே அறை. பெரும்பாலும் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகள்.

மெதுவாகக் கற்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழை. பயிற்சிக்குப் போனால், பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார்கள். கீழ்நாட்டில் அது நடக்கும். இங்கே நான்கு மணிக்கு மேல் பிள்ளையை நிறுத்தி வைக்க முடியாது. பாதி வழி தேயிலைக்குள் நடந்து போக வேண்டும். கரடி வரும், காட்டெருமை வழியில் நிற்கும். மழை மாதங்களில் மூன்றரைக்கே மேகம் இறங்கி எதிரே வருகிற ஆள் தெரியாது. அந்த நேரத்து மினி பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக வேறு வண்டி இல்லை.

அதனால் என்ன செய்தாலும் பள்ளி நேரத்துக்குள், மற்றப் பிள்ளைகள் இருக்கும் அதே அறையில்தான் செய்தாக வேண்டும். ஒரு பையனுக்கு எழுத்தெல்லாம் தெரியும். சேர்த்துப் படிக்கச் சொன்னால் மூன்றாவது எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து நழுவிவிடுகிறது. ஒரு பெண் பிள்ளை, அம்மா பறித்த கொழுந்து எத்தனை கிலோ, கைக்கு எவ்வளவு வரும் என்று வாயால் சொல்லிவிடுவாள். அதையே பெருக்கலாகப் பலகையில் எழுதினால் தலையைக் குனிந்துகொள்வாள். இவர்களைப் படிப்பு வராத பிள்ளைகள் என்று ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள், சொல்லுங்கள்.

கணக்குச்சார் (குன்னூர்)

டீச்சர், நான் பத்தாம் வகுப்பு எடுக்கிறவன். கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். பின்தங்கியவர்களைத் தனியாகப் பிரித்து, தேவையானதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தால்தான் கரையேறுகிறார்கள். கணக்குத் தாளில் செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8 மதிப்பெண். அந்த 16 கையில் வந்துவிட்டால் பாதித் தூரம் வந்த மாதிரி. 14 ஒரு மதிப்பெண் வினாக்களில் பாதியைப் பிடித்தால், 35க்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. எல்லோரோடும் உட்கார வைத்து முக்கோணவியல் நடத்தினால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது, வெட்கம்தான் மிஞ்சும்.

மேல்மலைக்காரர் (கொடைக்கானல், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

கணக்குச்சார் சொல்வது பத்தாம் வகுப்புக்குச் சரி. தேர்வு வாசலில் நிற்கிற பிள்ளைக்கு அதைத்தான் செய்ய முடியும். ஆனால் அந்தப் பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகுப்பின் பின்னத்தில் நிற்கும், இல்லையென்றால் அதற்கும் முன்னால் இடமதிப்பில். டீச்சர் கேட்பது அந்த இடத்தைப் பற்றி. அங்கே பிரித்து உட்கார வைத்தால் பிரிந்தது பிரிந்ததுதான், மறுபடி சேர்வதில்லை. விரிவாக எழுதுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

வளமையம்_சிறப்பாசிரியர் (ஊட்டி)

மேல்மலை ஐயா எழுதுவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யோசிக்கும் முன்னால் இந்தப் பிள்ளை ஏன் மெதுவாக இருக்கிறது என்று பாருங்கள். வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போகிறேன். ‘ஸ்லோ லேர்னர்’ என்று பட்டியலில் எழுதித் தரும் பிள்ளைகளில் எல்லோரும் ஒரே வகை இல்லை.

முதலில் காது. இந்தக் குளிரில் சளி பிடித்தால் லேசில் விடாது. சளி நீடித்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோர்த்துக்கொள்ளும். வலி இருக்காது, சீழும் வராது, ஆனால் காதில் பஞ்சு அடைத்த மாதிரி கேட்கும். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் மந்தமாகும். அதனால் ‘நேற்று சொன்னது இன்றைக்கு மறந்துவிட்டது’ என்று நமக்குத் தோன்றும். பிள்ளைக்குப் பின்னால் நின்று மெதுவான குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். கண்ணும் அப்படித்தான். பலகையில் தப்பாகவும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துச் சரியாகவும் எழுதினால் முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வராத நாட்கள். நீலகிரிப் பழங்குடிப் பிள்ளைகளில் சிலருக்கு அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. கை கால் வலி வந்தால் படுத்துவிடுவார்கள், வந்த நாளிலும் சோர்வாக இருப்பார்கள். நாம் சோம்பேறி என்று நினைத்துவிடுவோம்.

மூன்றாவது, எழுத்தைப் பிடிப்பதில் மட்டும் சிக்கல் உள்ள பிள்ளைகள். பேச்சில் கெட்டி, படித்துக் காட்டினால் எல்லாம் புரியும், தானாகப் படிக்க வராது. கற்றல் குறைபாடு என்பது இதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 குறிப்பிடும் 21 வகைகளில் இதுவும் ஒன்று. சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக 1 மணி நேரம் எல்லாம் கிடைக்கும்.

இவையெல்லாம் போக மீதி இருப்பவர்கள்தான் எல்லாவற்றிலும் சற்று மெதுவாகப் போகிறவர்கள். நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) 70க்கும் 85க்கும் நடுவில் இருப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அளவீடு வகுக்கப்பட்டிருக்கும் விதத்திலேயே 100க்கு 13, 14 பேர் இந்த இடைவெளியில் வருவார்கள். 30 பேர் வகுப்பில் 4 பேர். இவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது, சலுகை கிடையாது, சிறப்புப் பள்ளியும் இவர்களுக்கானது இல்லை. வகுப்பாசிரியரை விட்டால் இவர்களுக்கு யாரும் இல்லை. அதனால்தான் டீச்சரின் கேள்வி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பந்தலூர்ப்பெண் (கூடலூர்)

சிறப்பாசிரியர் மேடம் விட்டுப்போன ஒன்று, மொழி. நான் பணியர் சமூகம். கல்லூரி முடித்துவிட்டு இங்கே பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், எங்கள் குடியிருப்புக்குள்ளேயே. முதல் வகுப்பில் சேரும்போது எங்கள் பிள்ளைக்குத் தமிழ் ஒரு புது மொழி. காட்டுநாயக்கர் பிள்ளைக்கும் அப்படித்தான். இப்போது தோட்ட வேலைக்கு ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்து வந்திருப்பவர்களின் பிள்ளைகளும் லைன் வீடுகளிலிருந்து வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் இன்னும் தூரம்.

வகுப்பில் அந்தப் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கும். கேள்வி புரியாமல் உட்கார்ந்திருக்கிறதா, பதில் தெரியாமலா என்று யாரும் பார்ப்பதில்லை. அரும்பு நிலை, அதாவது ஆரம்ப நிலை, என்று போட்டுவிடுவார்கள், அப்புறம் அரும்பிலேயே இருக்கும். டீச்சர், அந்தப் பையன் வீட்டில் என்ன மொழி பேசுகிறான்? அவன் மொழியில் கதை சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். சரளமாகச் சொன்னால் அவன் மெதுவான பிள்ளையே இல்லை.

தேயிலைமேடு

பந்தலூர் தங்கச்சி, நல்ல கேள்வி. அவன் வீட்டில் இருளர் பேச்சு. கதை கேட்டுப் பார்க்கிறேன். அந்தப் பெண் பிள்ளை தமிழ்தான், தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து டேன்டீ (அரசுத் தேயிலை நிறுவனம்) தோட்டத்துக்கு வந்த குடும்பம்.

மேல்மலைக்காரர்

சரி, இப்போது நான் எழுத நினைத்தது.

மெதுவான பிள்ளைக்கு நாம் தரும் உதவி எப்போதும் பாடத்துக்குப் பின்னால் வருகிறது. பாடம் நடக்கும்போது ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறது, எல்லோரும் போனபின் அதற்கு மட்டும் மறுபடி நடத்துகிறோம். அதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. வருடம் முழுக்க அந்தப் பிள்ளை முடிந்துபோன பாடத்தையே படித்துக்கொண்டிருக்கும். உதவியை முன்னால் கொண்டுவாருங்கள். நாளை நடத்தப்போவதில் ஒரு துண்டை இன்றைக்கே அந்தப் பிள்ளைக்குக் காட்டிவிடுங்கள். மறுநாள் பாடம் தொடங்கும்போது, வகுப்பில் அதை முன்பே கேட்டிருக்கும் ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். கை தூக்கும். மற்றப் பிள்ளைகள் அதைப் பார்க்கும் பார்வையும் மாறும்.

நேரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். காலையில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தபின் பிள்ளைகள் மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுக் கை கழுவியபின், இறைவணக்கக் கூட்டத்துக்கு முன் பத்து நிமிடம் இருக்கும். வயிறு நிறைந்திருக்கிறது, மனசும் தெளிவாக இருக்கிறது. மாலை நான்கு மணிக்குக் களைத்துப்போன பிள்ளையிடம் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட இது மேல்.

அந்தப் பத்து நிமிடத்தில் பாடம் நடத்தாதீர்கள். வரப்போகும் பாடத்தின் மூன்று நான்கு சொற்கள், ஒரு படம், ஒரு கணக்கு, அவ்வளவு போதும். பின்னம் என்றால் ஒரு காகிதத்தை மடித்து, கிழித்து, ‘நாலில் ஒன்று’ என்று பிள்ளை வாயால் சொல்ல வையுங்கள். தொகுதி, பகுதி எல்லாம் வகுப்பில் வரட்டும்.

இனி அந்தப் பையன். முதல் எழுத்து நழுவுகிறது என்றால், ம, ர, ம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கடைசியில் சேர்க்கச் சொல்கிறோம் என்று பொருள். மூன்றையும் தலைக்குள் தூக்கிக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை. சொல்லை ஒரு காகிதத்தால் மூடுங்கள். ‘ம’ மட்டும் தெரியட்டும், படிப்பான். காகிதத்தை நகர்த்தினால் ‘மர’. இன்னும் நகர்த்தினால் ‘மரம்’. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்தே சேர்த்துப் படிப்பதால் நழுவ இடமில்லை. 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல் என்று காத்திருக்கவும் வேண்டாம். பத்து எழுத்து தெரிந்தால் படம், மரம், பட்டம், பாடம் என்று நிறையச் சொல் கிடைக்கும்.

கொம்பு வரும் எழுத்துகளில் தனிக்கவனம் வேண்டும். கெ, கே, கை மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோவில் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. கௌவில் கடைசியில் நிற்பது ள போலவே இருக்கிறது. கண் இடமிருந்து வலம் போகும்போது காதுக்கு வேறு வரிசை கேட்டால் மெதுவான பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? கா, கி, கீ, கு, கூ வரிசை உறுதியான பிறகு கொம்பு எழுத்தைத் தனியே எடுங்கள். கொம்பையும் எழுத்தையும் இரண்டு நிறத்தில் எழுதிக் காட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

எண்ணிலும் இப்படி ஒரு பொறி உண்டு. தொண்ணூறு என்றால் காதில் நூறு விழுகிறது, தொள்ளாயிரம் என்றால் ஆயிரம் விழுகிறது. அதனால் தொண்ணூற்றைந்தை 105 என்று எழுதும் பிள்ளைக்கு அறிவு இல்லை என்று நினைக்க வேண்டாம். அது காதில் கேட்டதை எழுதுகிறது. தீக்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி ஒன்பது கட்டை மேசையில் வைத்து, ‘இதுதான் தொண்ணூறு, நூறுக்கு இன்னும் ஒரு கட்டு குறைகிறது’ என்று காட்டினால் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பெண் பிள்ளைக்கு நீங்கள் புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை டீச்சர். பெருக்கல் அவளிடம் இருக்கிறது. அவள் வாயால் செய்யும் கணக்கை, அவள் சொல்லச் சொல்ல நீங்கள் பலகையில் எழுதுங்கள். 18 கிலோ என்றால் அவள் முதலில் பத்துக்குக் கணக்குப் போடுவாள், அப்புறம் எட்டுக்கு, அப்புறம் கூட்டுவாள். அப்படியே எழுதுங்கள். நீண்ட பெருக்கலில் நாம் செய்வதும் அதுதான் என்று அவளுக்குக் கண்ணில் தெரிய வேண்டும்.

கணக்குச்சார்

ஐயா, இதெல்லாம் அருமை. ஆனால் மீதி 26 பேர்? அவர்களில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? அதுவும் அநியாயம்தானே. இன்னொன்று, பாடத்தை எளிமையாக்கி எளிமையாக்கி மெதுவான பிள்ளைக்குக் கடைசியில் வெறும் கூட்டலை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மேல்மலைக்காரர்

இரண்டாவது கேள்வி மிகச் சரியானது சார். பாடத்தைக் குறைக்கக் கூடாது, பாரத்தைத்தான் குறைக்க வேண்டும். எல்லோரும் பின்னக் கூட்டல் செய்தால் அந்தப் பிள்ளையும் பின்னக் கூட்டல்தான் செய்ய வேண்டும். ஆனால் ஆறு கணக்குக்குப் பதில் இரண்டு, அதில் முதலாவது முழுக்கச் செய்து காட்டியது, இரண்டாவதில் கடைசி வரி மட்டும் விடுபட்டது. அடுத்த நாள் கடைசி இரண்டு வரி விடுபடட்டும். வாய்ப்பாடு மறந்துவிடுகிறது என்றால் ஒரு அட்டையில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளட்டும். வாய்ப்பாட்டைத் தேடுவதிலேயே சக்தி தீர்ந்துவிட்டால் பின்னத்துக்கு மிச்சம் இருக்காது. ‘நோட்டை எடு, 52ஆம் பக்கம் திற, மூன்றாவது கணக்கை எழுது, அடிக்கோடு போடு’ என்று ஒரே மூச்சில் நாம் சொல்வதில் முதல் இரண்டுதான் அந்தப் பிள்ளைக்குள் போகும். ஒவ்வொன்றாகச் சொன்னால் நான்கையும் செய்யும்.

மற்றவர்கள் காத்திருப்பது பற்றி: காத்திருக்க வேண்டியது மூன்று நொடி. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் ஏறக்குறைய ஒரு நொடிதான் பொறுக்கிறார், அதற்குள் வேறு பிள்ளையைக் கேட்கிறார் அல்லது தானே சொல்லிவிடுகிறார். மூன்று நொடி பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் அதில் லாபம்தான்.

வளமையம்_சிறப்பாசிரியர்

இரண்டு வகுப்பு ஒரே அறையில் இருப்பதை டீச்சர் குறையாகச் சொல்கிறார். எனக்கு அதில் ஒரு வசதி தெரிகிறது. ஐந்தாம் வகுப்பில் மெதுவான பிள்ளை நான்காம் வகுப்புப் பாடத்தை இன்னொரு முறை கேட்கிறது, யாரும் அதைக் கீழே இறக்கி உட்கார வைக்காமலே. அதையே நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். சொல்லித்தருவதற்காகத் தயாராகும்போது தனக்கே பிடிபடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: எப்போதும் இந்தப் பிள்ளைதான் உதவி வாங்குகிற இடத்தில் என்று ஆகிவிடக் கூடாது.

இரண்டுபிள்ளைஅம்மா (குன்னூர்)

நான் ஆசிரியர் இல்லை. படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகன் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு. எல்லாவற்றிலும் கொஞ்சம் மெதுவு. ஆனால் கற்றுக்கொண்டால் மறக்க மாட்டான். போன மாதம் கூப்பிட்டு, உங்கள் பையன் எங்கள் தரத்துக்கு வரமாட்டான், டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள், அவனை வைத்துக்கொண்டே. அன்றிலிருந்து புத்தகப் பையைத் தொட மாட்டேன் என்கிறான். மூன்று நொடி காத்திருங்கள் என்று ஐயா எழுதியதைப் படித்தபோது அழுகை வந்துவிட்டது. அவனுக்கு யாரும் அவ்வளவுகூடக் காத்திருந்ததில்லை.

வளமையம்_சிறப்பாசிரியர்

அம்மா, டிசி வாங்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. தேர்ச்சி பெறாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைப்பது பற்றி 2019இல் திருத்தம் வந்தது, ஆனால் வெளியேற்றக் கூடாது என்பது அப்படியேதான் இருக்கிறது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். சிறுபான்மை நிர்வாகப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் உங்கள் பள்ளி எந்த வகை என்று பாருங்கள். எதுவானாலும் அவர்கள் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் பலர் எழுத்தில் தரமாட்டார்கள். காது, கண், கற்றல் குறைபாடு மூன்றையும் பார்த்துவிடுங்கள். குன்னூர் வட்டார வள மையத்துக்கு ஒரு நாள் மகனோடு வாருங்கள், தனியார் பள்ளிப் பிள்ளை என்று திருப்பி அனுப்ப மாட்டோம்.

பந்தலூர்ப்பெண்

அக்கா, அவனுக்கு எதில் ஆசை என்று பாருங்கள். எங்கள் குடியிருப்பில் பத்து வரை எண்ணத் தயங்கிய ஒரு பையன் கோழிக்கூட்டுக் கணக்கைத் தவறாமல் சொல்வான். நோட்டில் அதைத்தான் எழுத ஆரம்பித்தோம். பையைத் தொடாவிட்டால் பரவாயில்லை, கொஞ்ச நாள் பை இல்லாமலே படிக்கட்டும்.

தேயிலைமேடு

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை பின்னம் தொடங்குகிறேன். பையன் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறான், காலை உணவுக்கு வந்துவிடுவான். பெண் பிள்ளை மினி பஸ்ஸில் வருகிறாள், இறைவணக்கம் முடியும்போதுதான் வந்து சேருவாள். அவளுக்கு மட்டும் முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொள்கிறேன். காகிதம் மடிப்பதோடு, தேயிலை மூட்டையில் கால், அரை, முக்கால் என்று அவளையே சொல்ல வைக்கலாம் என்று தோன்றுகிறது. பையன் கதையையும் கேட்கிறேன்.

ஒரு கவலை மட்டும். ஐந்து முடிந்து இவர்கள் வேறு பள்ளிக்குப் போவார்கள். அங்கே இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

கணக்குச்சார்

டிசியோடு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள் டீச்சர். ‘வாயால் கணக்குப் போடுவாள், எழுத நேரம் கொடுக்கவும். ஒரு சமயத்தில் ஒரு வேலை சொல்லவும்.’ மதிப்பெண் எல்லாம் வேண்டாம், இப்படி நான்கு வரி போதும். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பற்றி எங்களுக்கு மதிப்பெண்ணைத் தவிர ஒன்றும் கிடைப்பதில்லை. இந்த வருடம் எங்கள் பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் பழைய ஆசிரியர்களை நானே போனில் கூப்பிட்டுக் கேட்கப் போகிறேன்.

மேல்மலைக்காரர்

அந்த நான்கு வரியில் வீட்டில் பேசும் மொழி என்ன என்பதையும் சேர்த்துவிடுங்கள். பூண்டு எடுக்கும் சமயம், கொழுந்து அதிகம் வரும் சமயம் என்று பிள்ளை வராமல் போகும் மாதங்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். எந்தப் பாடம் விட்டுப்போயிருக்கும் என்று வாங்குகிறவருக்குத் தெரியும்.